முதல் கண்டத்துக்குக் கல் எங்கிருந்து வந்தது?

பட்டறைக்காரன் | வெள்ளி, இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில 14 வருஷமா இருக்கேன். கல்லோடவே குடித்தனம், ஆனா அந்தக் கல்லு எப்படி உண்டாச்சுன்னு போன வாரம் வரைக்கும் யோசிச்சதே இல்ல.

பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. "கடலுக்கு அடியில இருக்கிறது பசால்ட், கண்டத்துல இருக்கிறது கிரானைட்"னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. "அப்பா, பூமி முதல்ல முழுக்க உருகிக் கிடந்துச்சுன்னா, ஒரே குழம்புல இருந்து ரெண்டு விதமான கல்லு எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டா. நாளைக்குச் சொல்றேன்னு சொன்னேன். ஆறு நாள் ஆச்சு.

எனக்குத் தெரிஞ்சது எடைக் கணக்கு மட்டும்தான். குன்னம் பிளாக் மாதிரி கறுப்பு ரகம் கன மீட்டருக்கு 3 டன்னு போட்டு லாரிக்குச் சொல்வோம். வெள்ளை, சாம்பல் ரகத்துக்கு 2.7 டன். இதுக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தம் இருக்கா? யாராவது புரியிற மாதிரி சொன்னா புண்ணியமாப் போகும்.

சும்மா_ஒருவன் | வெள்ளி, இரவு 9.58

சமையல் மேடைக்கு எந்தக் கிரானைட் நல்லதுன்னு கேட்கிற இழைன்னு நினைச்சு உள்ளே வந்தேன். இருந்தாலும் உட்கார்றேன்.

மலைநாடன் | வெள்ளி, இரவு 11.15

தம்பி, சம்பந்தம் இருக்கிறது. அந்த எடைக் கணக்கிலேயே பாதிக் கதை இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற புவியியல் ஆள். ஒடிசா, கர்நாடகப் பக்கம் சுத்தியலோடு அலைந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் குன்னம் பிளாக்கை வியாபாரத்தில் கிரானைட் என்கிறீர்கள். அது டோலரைட். வேதியியலாகப் பார்த்தால் பசால்ட்டின் கூடப்பிறந்தது. எரிமலையாக வெளியே கொட்டாமல் உள்ளே பிளவுக்குள் நின்று உறைந்தது, அவ்வளவுதான். ஆக, கதையின் தொடக்கக் கல்லும் முடிவுக் கல்லும் உங்கள் யார்டிலேயே அடுக்கிக் கிடக்கின்றன.

குச்சி ஐஸ் உறிஞ்சியிருப்பீர்கள். சாயமும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிடும். குச்சியில் வெளுத்த ஐஸ் மிஞ்சும். பாறை உருகுவதும் அப்படியே. ஒரு பாறை மொத்தமாக உருகுவது அரிது. சூடு ஏறும்போது எளிதில் உருகும் பங்கு முதலில் கசிந்து வெளியேறும். அந்தக் கசிவில் சிலிக்கா கூடுதலாக இருக்கும், இரும்பும் மக்னீசியமும் குறைவாக இருக்கும்.

பூமியின் உட்புறத்தில் ஓட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் பாறையில் சிலிக்கா 45 சதவீதம் அளவு. அது கொஞ்சம் உருகிக் கசிந்தால் கிடைப்பது பசால்ட், சுமார் 50 சதவீதம். இன்றும் கடலடியில் நடப்பது இது. நேரடியாக மேன்டிலை உருக்கிக் கண்டப் பாறை வாங்க முடியாது. அந்தப் பசால்ட்டை எடுத்து மறுபடி உருக்க வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ உருகி வெளியேறினால், சிலிக்கா 70 சதவீதத்தை ஒட்டிய வெளிர் சாம்பல் பாறை கிடைக்கும். இரண்டு தடவை வடித்த சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேன்டிலின் அடர்த்தி 3.3, பசால்ட் 3.0, கண்டப் பாறை 2.7. லேசானது மேலேயே தங்கிவிட்டது. கடலடி ஓடு 20 கோடி ஆண்டுக்குள் பெரும்பாலும் உள்ளே போய்விடுகிறது. கண்டம் 400 கோடி ஆண்டானாலும் முழுகவில்லை. உங்கள் லாரிக் கணக்கின் 300 கிலோ வித்தியாசம்தான் அதற்குக் காரணம்.

பட்டறைக்காரன் | சனி, காலை 6.20

ஐயா, குச்சி ஐஸ் சொன்னதும் பொண்ணுக்கு டக்குனு புரிஞ்சுருச்சு. உடனே அடுத்த கேள்வி. "கீழே இருக்கிற பசால்ட்டை மறுபடி யாரு அடுப்புல வெச்சாங்க?"

மலைநாடன் | சனி, காலை 8.05

உங்கள் பெண் நேராகச் சண்டை நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டாள். ஓடு தட்டாக நகர்ந்து இன்னொன்றின் அடியில் அமிழ்ந்து உருகியதா, அமிழாமல் தடித்த ஓட்டின் அடிவாரத்திலேயே உருகியதா என்பதுதான் அந்தச் சண்டை. அதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும்: தண்ணீர்.

காய்ந்த பசால்ட் உருக 1,100 டிகிரிக்கு மேல் வேண்டும். அதே பசால்ட் கடல் நீரோடு உறவாடி, அதன் தாதுக்களுக்குள் நீர் கட்டுண்டிருந்தால் 800, 900 டிகிரியிலேயே கசியத் தொடங்கும். ஆம்பிபோல் என்ற கருந்தாது எடையில் 2 சதவீதம் அளவு நீரைத் தன் படிகத்துக்குள் பூட்டி வைத்திருக்கும்; சூடேறும்போது அதைக் கக்கும். கடல் இல்லாத கோளில் இந்த அளவுக்குக் கண்டப் பாறை சேராது. பக்கத்து வெள்ளிக் கோளின் தரை பெரும்பாலும் பசால்ட்டாகவே கிடப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இப்படிப் பிறந்த பழைய பாறைகள் நீங்கள் நினைக்கும் சிவப்புக் கிரானைட் அல்ல. டோனலைட், டிராண்ஹைமைட், கிரானோடயரைட் என்று மூன்று வகை. முதல் பெயர் இத்தாலியின் டோனாலே கணவாயிலிருந்தும் இரண்டாவது நார்வேயின் டிராண்ட்ஹைம் ஊரிலிருந்தும் வந்தவை. வாய்க்குள் நுழையாததால் மூன்றையும் சேர்த்து டி.டி.ஜி. என்போம். சோடியம் மிகுதி, பொட்டாசியம் குறைவு. 250 கோடி ஆண்டுக்கு முந்தைய கண்டத் துண்டு எங்கே மிஞ்சியிருந்தாலும், கிரீன்லாந்தோ தென்னாப்பிரிக்காவோ நம் ஜார்க்கண்ட்-ஒடிசாப் பக்கத்துச் சிங்பூமோ, அடித்தளம் பெரும்பாலும் இந்தச் சாம்பல் கல்தான். பெங்களூர் லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் மொட்டைப் பாறைமேல் பலர் உட்கார்ந்து சுண்டல் தின்றிருப்பீர்கள். அதுவும் இந்தக் குடும்பம்தான், சுமார் 300 கோடி வயது.

தாமிரபரணி | சனி, காலை 10.31

நான் வேதியியல் ஆசிரியர். வயது பற்றி ஒரு சேர்க்கை. "400 கோடி" என்பதை எப்படி நம்புவது என்று என் மாணவர்கள் கேட்பார்கள். அதற்குச் சாட்சி ஜிர்கான் என்ற தாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், மோனசைட், கார்னெட்டோடு சேர்த்துப் பிரித்தெடுக்கிறார்களே, அதே ஜிர்கான்தான். படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்க்கும், ஈயத்தைச் சேர்க்காது. அதனால் இன்று அதற்குள் இருக்கும் ஈயம் கிட்டத்தட்ட அத்தனையும் யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு, 235 பாதியாக 70 கோடி ஆண்டு. ஒரே ஜிர்கான் மணிக்குள் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒத்துப்போனால் வயதை நம்பலாம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு ஜிர்கானுக்கு 440 கோடி ஆண்டு என்று 2001-ல் அறிவித்தார்கள். பூமிக்கே 454 கோடிதான். பாறையாகவே முழுசாக மிஞ்சியதில் கனடாவின் அகாஸ்டா நைஸ் என்ற வரிப்பாறை, 403 கோடி. நம் சிங்பூமிலும் சம்புவா பக்கத்துப் பாறையில் 424 கோடி ஆண்டு ஜிர்கான் ஒன்றை 2018-ல் கண்டார்கள்.

ஜாக் ஹில்ஸ் மணிகளில் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் மேன்டிலில் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருக்கிறது. குளிர்ந்த நீரோடு பழகிய பாறை மறுபடி உருகினால் அப்படி ஆகும். மலைநாடன் ஐயா சொன்ன தண்ணீர்க் கதைக்கு இதுவே பழைய ரசீது.

மலைநாடன் | சனி, காலை 11.02

சரியாகச் சொன்னீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. ஜாக் ஹில்ஸில் ஜிர்கான் இருக்கும் கல் சுமார் 300 கோடி ஆண்டுக்கு முன் படிந்த கூழாங்கல் பாறை. தாய்ப்பாறை அழிந்து, மணி மட்டும் ஆற்றோடு வந்து சேர்ந்தது. மோதிரம் கிடைத்தது, போட்டிருந்த ஆள் கிடைக்கவில்லை. 440 கோடியிலேயே பெரிய கண்டம் இருந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பேர்த் பூங்கோதை | சனி, மதியம் 2.47

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப பேர்த்தில. வேலை மேற்கு ஆஸ்திரேலியாவின்ர பில்பராவில, இரும்புத்தாதுச் சுரங்கத்தில. எட்டு நாள் அங்க, ஆறு நாள் வீட்டில. நான் நிக்கிற இடம் தெற்குப் பக்கம்; அந்த இரும்புப் பாறையள் 250 கோடி வருசத்துப் பிள்ளையள்தான். ஆனா போன லீவுக்கு வடக்கால மார்பிள் பார் போனனான். பேர்தான் மார்பிள். ஆத்துக்குக் குறுக்கால நிக்கிற அந்தச் சிவப்புக் கல்லை முதல் வந்த ஆக்கள் மார்பிள் எண்டு நினைச்சுப் பேர் வைச்சிட்டினம். அது ஜாஸ்பர். 1923-24 கோடையில 160 நாள் தொடர்ந்து நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல காஞ்ச ஊர். நான் போனது ஜூலையில, தப்பினன்.

அந்த இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில ஒருக்காப் பாருங்கோ. வெளிர் நிறத்தில பெரிய பெரிய வட்டங்கள், ஒவ்வொண்டும் பல பத்துக் கிலோமீட்டர் அகலம். வட்டங்களுக்கு இடையில கரும்பச்சைப் பட்டையள் நசிபட்டுக் கிடக்கும். வட்டம் கிரானைட்டும் டி.டி.ஜி.யும், பட்டை பழைய லாவா. தரையில நிண்டு பாத்தால் அந்த லாவாப் படுக்கையள் படுத்திருக்காது, செங்குத்தா எழும்பி நிக்கும். எங்கட புவியியல் பெடியன் ஒருத்தன் சொன்னவன், இமயமலை மாதிரிப் பக்கவாட்டில இடிச்சு மடிச்சால் நீள நீள வரிசை வரும், இப்பிடி வட்டம் வராது எண்டு. பாரமான லாவா மேல, லேசான கல் கீழ. எண்ணெய்க்கு மேல தண்ணி ஊத்தின மாதிரி, லாவா இடுக்கால இறங்க, கிரானைட் குமிழா மேல வந்திருக்கு. 350 கோடியில இருந்து 320 கோடி வருசத்துக்குள்ள நடந்த வேலையாம்.

இதைப் பாத்தாப் பிறகு, தட்டு அமிழ்ந்து உருகின கதையை நம்ப எனக்கு மனம் வரேல்ல.

தாமிரபரணி | சனி, மாலை 4.20

பூங்கோதை, கண்ணால் பார்த்ததை மறுக்கவில்லை. ஆனால் வேதியியல் வேறு மாதிரி பேசுகிறது.

பட்டறைக்கார அண்ணனுக்காக விரித்துச் சொல்கிறேன். டி.டி.ஜி. பாறைகளில் அரியமண் தனிமங்களை அளந்தால், லேசான லாந்தனம் நிறைய இருக்கும். கனமான இட்டெர்பியம் வறண்டு போயிருக்கும். கனமானதைப் பிடித்து வைத்துக்கொண்டது யார்? கார்னெட். நம் கடற்கரையில் சிவப்பாகக் கோடு போடுமே, அதே தாது. பசால்ட் உருகும்போது மிச்சக் கல்லில் கார்னெட் இருந்தால் இட்டெர்பியமும் இட்ரியமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். மறுபுறம் ஸ்ட்ரான்சியத்தைப் பிடித்து வைக்கும் பிளாஜியோகிளேஸ் தாது ஆழத்தில் நிலைக்காது, அதனால் ஸ்ட்ரான்சியம் உருகலோடு வெளியே வந்துவிடும். ஸ்ட்ரான்சியம் கூடி இட்ரியம் குறைந்திருந்தால் ஆழத்தில் உருகியது என்று அர்த்தம்.

பசால்ட்டை உருக்கும்போது கார்னெட் தாராளமாக நிலைக்க ஏறத்தாழ 1 கிகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும். 35 கிலோமீட்டர் ஆழம். இன்றைய கடலடி ஓட்டின் தடிமன் 7 கிலோமீட்டர். தட்டு கீழே அமிழாமல் பசால்ட்டை அவ்வளவு ஆழத்துக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்? அலாஸ்காவின் அலூஷியன் தீவுக்கூட்டத்தில் அடாக் என்ற தீவு இருக்கிறது. அங்கே அமிழ்ந்த தட்டே உருகி இதே கையெழுத்தோடு எரிமலைப் பாறை வந்ததாகச் சொல்லி, அடாகைட் என்று 1990-ல் பெயரே வைத்தார்கள். கண் முன்னால் நடக்கும் உதாரணத்தை விட்டுவிட்டு ஏன் வேறு தேட வேண்டும்?

விண்கல் வேலு | சனி, மாலை 5.03

யாருமே விண்கல்லைப் பத்திப் பேசலயே! 2022-ல பில்பரா ஜிர்கானோட ஆக்சிஜனை அளந்துட்டு, மேல இருந்து பெரிய கல்லு விழுந்து பூமியோட மேலோட்டை உருக்கினதுதான் ஆரம்பம்னு நேச்சர் இதழ்ல கட்டுரை வந்துச்சு. கர்ட்டின் பல்கலைக்கழகத்து டிம் ஜான்சன் குழு. உருகல் மேல இருந்து கீழே போச்சாம். தண்ணி ஏற்கெனவே மேலதான் இருக்கு, சூட்டை விண்கல் குடுத்துருச்சு. கேஸ் முடிஞ்சுது.

மலைநாடன் | சனி, இரவு 9.36

மூன்று பேருக்கும் ஒன்றாகப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

தாமிரபரணி சொன்ன கார்னெட் கணக்கு ஒப்புக்கொள்ளத்தக்கது. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று பாருங்கள். சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது என்று தெரியும். கேஸ் அடுப்பா, விறகடுப்பா, இண்டக்‌ஷனா என்று விசிலைக் கேட்டுச் சொல்ல முடியுமா? கார்னெட் ஒரு விசில். இத்தனை அழுத்தத்தில் உருகியது என்று சொல்லும். அங்கே கொண்டுபோனது அமிழும் தட்டா, தடித்த ஓட்டின் அடிவாரமா என்று சொல்லாது. நான் படித்த சண்டைகளில் பாதி, விசிலைக் கேட்டுவிட்டு அடுப்புக்குப் பெயர் வைத்ததால் வந்தவை.

"7 கிலோமீட்டர் ஓட்டில் 35 கிலோமீட்டர் ஆழம் ஏது" என்பது நியாயமான கேள்வி. ஆனால் 7 என்பது இன்றைய கணக்கு. 350 கோடி ஆண்டுக்கு முன் மேன்டில் இன்றைவிட 100, 200 டிகிரி கூடுதல் சூடு. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் பக்கம் கோமாட்டி ஆற்றின் பெயரால் கோமாடைட் என்று ஒரு லாவா இருக்கிறது. 1969-ல் வில்யோன் சகோதரர்கள் அடையாளம் கண்டார்கள். ஏறத்தாழ 1,600 டிகிரியில் தண்ணீர்போல் ஓடியது. இன்று அப்படி எந்த எரிமலையும் கக்குவதில்லை. அந்தச் சூட்டில் மேன்டில் நிறைய உருகும், பசால்ட் ஓடு 25 முதல் 40 கிலோமீட்டர், சில இடத்தில் அதற்கும் மேல் தடிக்கும். அமிழ வேண்டிய அவசியமே இல்லாமல் ஓட்டின் அடியிலேயே கார்னெட் விளையும். தண்ணீர் கீழே போவது எப்படி? கடலடியில் ஒரு லாவா பரவும், நீரோடு ஊறும். அதன்மேல் அடுத்தது, அடுத்தது. பழைய பாய் அடியில் அமுங்குவதுபோல் நனைந்த பசால்ட் தானாகவே ஆழத்துக்குப் போய்ச் சேரும்.

2017-ல் இதே டிம் ஜான்சன் குழு, பில்பராவின் அடிமட்டத்தில் இருக்கும் கூக்கல் என்ற பசால்ட்டை எடுத்துக் கணக்குப் போட்டது. அது 20 முதல் 30 சதவீதம் உருகினால் அங்கே மேலே இருக்கும் டி.டி.ஜி. கிடைக்கிறது, அதற்கு ஒரு கிகாபாஸ்கலுக்கு 700 டிகிரிக்கு மேல் சூடேறும் இடம் வேண்டும் என்றார்கள். இன்று அமிழும் தட்டுகளில் பெரும்பாலும் அதில் பாதிகூட இருப்பதில்லை. தட்டு குளிர்ந்து போய்த்தான் இறங்குகிறது. பூங்கோதை பார்த்த வட்டங்களோடு இது ஒத்துப்போகிறது.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் 2023-ல் ஹேஸ்டி குழு வந்தது. கணினிக் கணக்கு வேண்டாம், நிஜமாகவே உருக்கிப் பார்ப்போம் என்று கடலடிப் பீடபூமி வகைப் பசால்ட்டை அழுத்தக் கலத்தில் வைத்தார்கள். 1.4 கிகாபாஸ்கலுக்குக் கீழே, அதாவது 50 கிலோமீட்டருக்குக் குறைந்த ஆழத்தில், மிகப் பழைய கண்டப் பாறையின் வேதியியல் வரவே இல்லை என்றார்கள். ஆக, அமிழ்தல் போன்ற ஒன்று வேண்டும் என்பது அவர்கள் முடிவு. சோதனையை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடைசித் தாவல் மறுபடி விசிலிலிருந்து அடுப்புக்கு.

வேலு, கேஸ் முடியவில்லை. விண்கல் விழுந்தது உண்மை, நிலாவைப் பார்த்தாலே தெரிகிறது. 2025-ல் பில்பராவின் நார்த் போல் பகுதியில் 347 கோடி ஆண்டுப் பள்ளம் ஒன்று இருக்கிறது என்று அறிவித்தார்கள். அதே ஆண்டில் இன்னொரு குழு, அந்த மோதல் 270 கோடி ஆண்டுக்குப் பிந்தையது என்று மறுத்தது. ஒரே கல்லில் வயசு 70 கோடிக்கு மேல் தகராறில் இருக்கும்போது அதன் தலையில் கண்டத்தைச் சுமத்த எனக்கு மனமில்லை.

விண்கல் வேலு | சனி, இரவு 9.51

ஐயா, அந்த மறுப்பை நான் பார்க்கல. வாபஸ். பாதி வாபஸ்.

தாமிரபரணி | ஞாயிறு, காலை 7.44

குக்கர் உவமையை வகுப்பில் திருடப் போகிறேன். ஆனால் ஒரு கேள்வி விடமாட்டேன். ஐந்தில் ஒரு பங்கு உருகி மேலே வந்தது சரி. மிச்சம் ஐந்தில் நான்கு பங்கு எங்கே? 20 கிலோமீட்டர் தடிமனுக்குக் கண்டப் பாறை வேண்டுமானால் 80 கிலோமீட்டர் சக்கை மிஞ்ச வேண்டுமே. பழைய கண்டங்களுக்கு அடியில் அப்படி ஒரு மலைப்பாரம் இல்லை. தட்டு அமிழ்ந்தது என்றால் இந்தத் தொல்லை இல்லை; சக்கையைத் தட்டே சுமந்துகொண்டு போய்விடும்.

மலைநாடன் | ஞாயிறு, காலை 9.10

இந்த இழையில் என்னை முழி பிதுங்க வைத்த கேள்வி இதுதான்.

எங்கள் பக்கத்துப் பதில்: சக்கை கார்னெட் நிறைந்தது, அடர்த்தி 3.4க்கு மேல் போகும். கீழே இருக்கும் மேன்டில் 3.3. தாங்குகிறதைவிடத் தாங்கப்படுவது கனமானால் சும்மா நிற்காது, பிய்ந்து சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். அந்தச் சூட்டில் பாறை இளகியே இருந்ததால் இறங்குவது இன்னும் எளிது. மாதிரிக் கணக்குகளில் நன்றாக வருகிறது. ஆனால் சொட்டியதை யாரும் கையில் பிடித்துக் காட்ட முடியாது. அங்கே அமிழ்தல்காரர்கள் கை மேலேதான், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் என் கட்சிக்கு எதிராக நானே சொல்லிவிடுகிறேன். கார்னெட் விசில் என்றேன், அந்த விசிலும் சில சமயம் பொய் சொல்லும். பார்பர்ட்டன் பாறைகளை வைத்து 2020-ல் ஒரு கட்டுரை வந்தது. மாக்மா, அதாவது பாறைக்குழம்பு தேங்கும் அறைக்குள் பிளாஜியோகிளேஸ் படிகங்கள் ஓரிடத்தில் குவிந்தும், உருகல் பிழிந்து பிரிந்தும் போவதால், ஒரே மாக்மாவிலிருந்தே ஆழமானதுபோலும் மேலோட்டமானதுபோலும் பாறைகள் தோன்றலாம் என்றார்கள். அடுக்களையிலிருந்து வந்தது ஒரே சாம்பார். ஒரு கரண்டியில் காய், ஒரு கரண்டியில் தெளிவு. தெளிவை மட்டும் ருசி பார்த்து, பருப்பே போடவில்லை என்று சொல்லக் கூடாதல்லவா.

பேர்த் பூங்கோதை | ஞாயிறு, மதியம் 12.18

அண்ணை, அப்ப எல்லா இடத்திலயும் ஒரே மாதிரித்தான் நடந்தது எண்டு ஏன் நினைக்கோணும்?

மலைநாடன் | ஞாயிறு, மதியம் 1.40

நினைக்க வேண்டாம் என்பதே என் கட்சி, பிள்ளை. அகாஸ்டாவையே எடுத்துக்கொள். அங்கே 402 கோடி ஆண்டு டோனலைட் ஒன்று இருக்கிறது, இதிவா என்று பெயர். 2014-ல் அதன் வேதியியலை வெளியிட்டார்கள். கார்னெட் கையெழுத்தே கிடையாது! ஐஸ்லாந்தில் இன்று எரிமலைக்கு அடியில் மேலோட்டமாக உருகி வரும் பாறையைப் போல இருந்தது. அதே அகாஸ்டாவில் 360 கோடி ஆண்டு அளவில் வந்த பாறைகளில் கார்னெட் முத்திரை வந்துவிடுகிறது. ஒரே ஊரில், 40 கோடி ஆண்டு இடைவெளியில், உருகும் ஆழமே மாறியிருக்கிறது.

சிங்பூமில் 330 முதல் 320 கோடி ஆண்டு அளவில், கீழிருந்து இந்த வகை மாக்மா சேர்ந்து சேர்ந்து ஓடு தடித்து, நிலம் கடலுக்கு மேலே தலைகாட்டியது என்று பிரியதர்ஷி சௌத்ரி குழு 2021-ல் காட்டியது. ஆற்றுப் படுகையும் கடலோரமும் விட்டுப்போன மணற்பாறைகளே சாட்சி. அந்த மணற்பாறைமேல் நான் மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறேன். அப்போது அது என்னவென்று எனக்குத் தெரியாது, வெறும் நிழலுக்கு ஒதுங்கிய இடம்.

பிறகு 300 முதல் 250 கோடிக்குள் உலகெங்கும் ஆட்டம் மாறுகிறது. பொட்டாசியம் மிகுந்த, ரோஜா நிற ஃபெல்ட்ஸ்பார் தாது போட்ட நிஜக் கிரானைட் பெருகுகிறது. ராமநகரம் வழியாக ரயிலில் போனால் ஜன்னலில் தெரியும் குன்றுகள், குளோஸ்பேட் கிரானைட், 250 கோடி. பழைய சாம்பல் கல்லே மறுபடி உருகியதன் பங்கு அதில் நிறைய. அதாவது மூன்றாவது வடிப்பு. அந்தக் காலத்துக்குத் தட்டு நகர்வு தொடங்கிவிட்டது என்றால் நானும் தலையாட்டுவேன்.

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 8.25

ரெண்டு நாளா படிச்சுட்டே இருக்கேன், பாதிதான் ஏறுது. ஆனா ஒரு விஷயம் மண்டைக்குள்ள சுத்துது. எங்க பக்கத்துல பாரடைசோன்னு ஒரு ரகம் வெட்டுறாங்க. கறுப்பும் வெளுப்புமா அலை அலையா, தோசை மாவைக் கரண்டியால இழுத்த மாதிரி இருக்கும். வெளிநாட்டுக்காரங்க டிசைனுக்காக வாங்குறாங்க. அந்த வெளுப்பு, நீங்க சொல்ற கசிவுதானா?

மலைநாடன் | ஞாயிறு, இரவு 9.02

அதே ஜாதி. மிக்மடைட் என்போம். பாறை பாதி உருகி, உருகியது ஓடிப்போவதற்குள் அப்படியே உறைந்துபோனது. உங்கள் பகுதிப் பாறை 250 கோடி ஆண்டு அளவில் சூடுபட்டது. ஆகவே நாம் பேசும் முதல் கண்டத்தைவிட ரொம்ப இளையது, உருகிய மூலப் பாறையும் வேறு. ஆனால் உருகல் எப்படிப் பிரியும் என்பதைப் பார்க்க இதைவிட நல்ல படம் கிடையாது. வெளுப்பு, உருகியது. கறுப்பு, சக்கை.

பட்டறைக்காரன் | திங்கள், மாலை 6.50

ஐயா, இன்னைக்கு ஒரு வேலை பண்ணினேன், சிரிக்காதீங்க. கல் அறுக்கிற கேங் சா மெஷின்ல இருந்து இறங்கின பாரடைசோ ஸ்லாப் ஒண்ணு, பத்தடி நீளம். குறுக்கால நூல் புடிச்சு, நூல் மேல வர்ற வெளுப்பை எல்லாம் டேப் வெச்சு அளந்து கூட்டினேன். அஞ்சு நூல் போட்டேன். பொண்ணு நோட்டுல எழுதினா. பத்தடிக்குச் சராசரியா ரெண்டடி அஞ்சு அங்குலம். அதாவது 24 சதவீதம். நீங்க சொன்ன 20க்கும் 30க்கும் நடுவுல!

மலைநாடன் | திங்கள், இரவு 8.11

சிரிக்கவில்லை தம்பி, எழுந்து நின்றுவிட்டேன். நுண்ணோக்கியில் நாங்கள் தாதுக்களை எண்ணுவதும் கிட்டத்தட்ட இதே நூல்பிடிதான்.

ஆனால் எண் ஒத்துப்போனதும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நான் பேசியது பசால்ட் கணக்கு, உங்கள் கல் அதுவல்ல. தவிர, அந்த வெளுப்பு அங்கேயே உருகியதா, வேறெங்கோ உருகி இந்த இடத்தில் வந்து புகுந்ததா? புகுந்ததென்றால் 24 என்பதற்கு அர்த்தமே வேறு. அதற்கு ஒரு சோதனை உண்டு. வெளுப்புக் கோட்டின் இரண்டு கரையையும் பாருங்கள். கரையை ஒட்டி மை தீட்டியதுபோல் ஒரு அடர் கறுப்பு வரி, பயோடைட் என்ற கருந்தாது குவிந்து இருந்தால், பக்கத்துப் பாறையிலிருந்தே கசிந்தது என்று பெரும்பாலும் சொல்லலாம். கறுப்பு வரி அதன் சக்கை. கரை வெறுமையாக, கத்தி வெட்டு மாதிரி இருந்தால் வெளியிலிருந்து வந்த விருந்தாளியாக இருக்கலாம்.

பட்டறைக்காரன் | செவ்வாய், காலை 7.05

டார்ச் அடிச்சு, தண்ணி தெளிச்சுப் பார்த்தோம். முக்கால்வாசிக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மை தீட்டியிருக்கு. கொஞ்சம் தடிமனா குறுக்கால போற மூணு கோட்டுக்கு மட்டும் கரை சுத்தமா இருக்கு, மையே இல்ல. அந்த மூணையும் கழிச்சுக் கூட்டினா 17 சதவீதம்தான் வருது. பொண்ணு நோட்டுல 24-ஐ அடிச்சுட்டு 17-ன்னு எழுதி, பக்கத்துல கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கா.

அடுத்த ஸ்லாபையும் அளக்கணும்ங்கிறா. அது பத்து மணி லோடுல ஏறுது. ஸ்கூலுக்கு எட்டரைக்குக் கிளம்பணும். நூல் எடுத்துட்டு யார்டுக்குப் போயிட்டிருக்கோம்.